சோறும் ஒரு கெட்டிக் கறியும்: திருகோணமலையில் மூன்று பேர் குறைந்த செலவில் வயிறு நிறையச் சாப்பிட என்ன வழி?

கோணேசபுரி_அறை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மூன்று பேர் பல்கலைக்கழக வளாகத்துக்குப் பக்கத்தில், நிலாவெளிப் பக்கம் ஓர் அறை எடுத்து இருக்கிறோம். ஒருவன் வவுனியா, ஒருவன் அக்கரைப்பற்று, நான் மன்னார். இவ்வளவு நாளும் மத்தியானமும் இரவும் கடைப் பார்சல்தான். மாதம் பாதி தாண்டுவதற்குள் வீட்டிலிருந்து வந்த காசு முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு பிளேன்டீயும் பிஸ்கட்டும்தான் சாப்பாடு. இப்படியே போனால் சரிவராது என்று சமைக்க முடிவு எடுத்திருக்கிறோம்.

எங்களிடம் இருப்பது ஒரு ரைஸ் குக்கர், ஒற்றைக் காஸ் அடுப்பு, ஒரு தாச்சி, வீட்டுக்காரர் தந்த ஒரு மண்சட்டி. பிரிட்ஜ் இல்லை. வவுனியாக்காரன் செவ்வாயும் வெள்ளியும் மச்சம் (மீன், இறைச்சி) தொடமாட்டான். பத்துச் சாமான் வாங்கி ஒரு மணித்தியாலம் நின்று சமைக்கிற கதை வேண்டாம், நூடில்ஸ் சாப்பிடு என்றும் சொல்ல வேண்டாம். மத்தியானம் சாப்பிட்டால் பின்னேர விரிவுரை முடியும்வரை பசி தாங்க வேண்டும், அவ்வளவுதான் கேட்பது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாலையூற்று_அக்கா எழுதியது:

தம்பிமார், நல்ல முடிவு. வீட்டுச் சமையல் என்றதும் எல்லாரும் சோறு, மூன்று கறி, ஒரு சுண்டல், சொதி, பொரியல், அப்பளம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துப் பயந்துபோய்த் திரும்பப் பார்சலுக்கே ஓடுகிறார்கள். ஒற்றை அடுப்பில் நாலு கறி வைத்தால் காஸும் போகும், பொழுதும் போகும். உங்களுக்கு ஒரு கறி போதும், ஆனால் அது கெட்டியான கறியாக இருக்க வேண்டும். அதற்குள்ளே பருப்போ பயறோ மீனோ முட்டையோ ஒன்று, கூடவே ஒரு இலையோ மரக்கறியோ ஒன்று. தண்ணீராகக் குழம்பு வைத்தால் சோறு இரண்டு மடங்கு இறங்கும், ஆனால் மூன்று மணிக்கே வயிறு திரும்பக் கேட்கும். கெட்டியாக வைத்தால் சோறும் குறையும், பசியும் தாங்கும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் படித்த காலம் முழுக்க இப்படித்தான் ஓடியது.

முதலில் பருப்பும் முருங்கையிலையும். மைசூர்ப் பருப்பை ஊறவைக்கத் தேவையில்லை. மூன்று பேருக்கு ஒரு சுண்டு (ஒரு பால்டின் அளவு) தாராளம். தண்ணீர் தெளியும்வரை கழுவிவிட்டு, மூன்று மடங்கு தண்ணீர், வெட்டின பெரிய வெங்காயம் பாதி, பச்சைமிளகாய் இரண்டு, உள்ளி நாலு பல்லு, கொஞ்சம் மஞ்சள் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வந்ததும் மஞ்சள் நுரை எழும்பி ஓரத்தால் வழியப் பார்க்கும், அதை அகப்பையால் வழித்து எறிந்துவிட்டு நெருப்பைக் குறைத்து மூடியைப் பாதி திறந்து விடுங்கள். 15, 20 நிமிடத்தில் பருப்பு மலர்ந்து நிறம் வெளுத்து வரும். அப்போது அகப்பையின் பின்பக்கத்தால் சட்டியின் ஓரத்தோடு வைத்துப் பாதியை மசியுங்கள், பாதி அப்படியே கிடக்கட்டும். அந்தப் பாதி மசியல்தான் கறிக்குத் தடிப்பைக் கொடுக்கிறது. உப்பை இந்த நேரத்தில் போடுங்கள். அப்புறம் இரண்டு பெரிய பிடி முருங்கையிலை. இலை போட்ட பிறகு மூடக் கூடாது, மூடினால் நிறம் கறுத்துப் போகும். மூன்று நிமிடம் போதும்.

கடைசியில் தாளிதம். ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு, பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய் இரண்டு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை. வெங்காயம் பொன்னிறமாக வந்ததும் சட்டியில் கொட்டி ஒரு கிண்டு. தேங்காய்ப்பால் இருந்தால் அரைக் கப் விட்டு ஒரு கொதியோடு இறக்குங்கள், இல்லாவிட்டால் கவலைப்பட வேண்டாம்.

முருங்கையிலையைக் காசு கொடுத்து வாங்கவே தேவையில்லை. உங்கள் பக்கம் வேலிக்கு வேலி முருங்கை நிற்கிறது, கேட்டால் ஒரு கொப்பு முறித்துத் தரமாட்டோம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். முருங்கை கிடைக்காத நாளில் பசளி, பூசணிக்காய், பொன்னாங்காணி, எது மலிவோ அது. முறை ஒன்றுதான். செவ்வாய், வெள்ளிப் பிரச்சினையும் இதோடு தீர்ந்தது.

திருக்கடலூர்_வலை எழுதியது:

அக்கா சொன்ன பருப்பு சரி, ஆனால் திருகோணமலையில் இருந்துகொண்டு மீனைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. பிள்ளைகள் பெரிய மீனைப் பார்த்து விலை கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள், அதுதான் பிழை. பாரையும் விளைமீனும் ஹோட்டலுக்குப் போகட்டும். நீங்கள் வாங்க வேண்டியது சூடை, கீரி, சாளை, காரல், நெத்தலி. கடல் அமைதியாக இருக்கும் சித்திரை தொடங்கிப் புரட்டாசிவரை இவை குவிந்து கிடக்கும் நாட்கள் வரும். கரைவலை இழுக்கிற காலமையில் கரைக்கே போனால் சந்தை விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும். நிலாவெளி, உப்புவெளிக் கரையில் வலை இழுக்கிறதைப் பார்த்தால் போய் நின்று கையைக் கொடுங்கள், சும்மா தந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சூடை துப்புரவு செய்யக் கத்தி வேண்டாம். செதிலை விரலால் வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தள்ளிவிட்டு, தலையைக் கிள்ளிக் கீழ்நோக்கி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். உப்புப் போட்டு இரண்டு தண்ணீரில் அலசினால் முடிந்தது.

குழம்புக்குத் தேங்காய் வேண்டாம். அரைக் கிலோ மீனுக்குத் தேசிக்காய் அளவு பழப்புளியைக் கரைத்து மண்சட்டியில் விடுங்கள். அதில் இரண்டு மேசைக்கரண்டி வறுத்த மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, நசித்த உள்ளி ஒரு முழுப்பூண்டு, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, ரம்பை இலை ஒரு துண்டு. தூள் என்றால் நம்முடைய கறித்தூள், கடையில் விற்கிற வெறும் மிளகாய்ப் பொடி இல்லை. இதை முதலில் நன்றாகக் கொதிக்கவிட்டு, பச்சைத் தூள் மணம் போய்க் குழம்பு தடித்த பிறகுதான் மீனைப் போட வேண்டும். மீன் போட்ட பிறகு அகப்பை வைக்கக் கூடாது, சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் போதும். எட்டுப் பத்து நிமிடம். புளிக் குழம்பு ராத்திரி கிடந்து காலமையில் இன்னும் ருசி. படுக்கும் முன் ஒருமுறை, காலமையில் ஒருமுறை நன்றாகக் கொதிக்க வையுங்கள், பிரிட்ஜ் இல்லாத வீடெல்லாம் இப்படித்தான் நடக்கிறது.

இன்னொன்று, இது முக்கியம். பின்னேரம் மலிவாகக் கிடைக்கிறது என்று வெயிலில் கிடந்த சூரை, கும்பளா, கீரி, சாளை எதையும் வாங்காதீர்கள். ஐஸ் இல்லாமல் கிடந்த மீனில் ஒருவித நஞ்சு ஊறும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து உடம்பெல்லாம் கடிக்கும், தலை இடிக்கும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், இரத்தச் சிவப்பாக இருந்தால் வாங்கலாம்.

உவர்மலை_வீடு எழுதியது:

ஒரு கறி போதும் என்பதை நான் முழுதாக ஏற்றுக்கொள்ளமாட்டேன் அக்கா. இளம் பிள்ளைகள், நாலாம் நாள் அலுத்துவிடும், அலுத்தால் பார்சல்தான். பசியை மட்டும் பார்த்தால் போதாது, நாக்கையும் பார்க்க வேண்டும். நான் சொல்வது, சமைக்கிற கறி ஒன்று, சமைக்காத ஒன்று. தேங்காய்ச் சம்பல் இடித்துக்கொள்ளலாம், அல்லது பெரிய வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய் மெல்லியதாக வெட்டி உப்பும் தேசிக்காய்ப் புளியும் விட்டுப் பிசைந்து வைக்கலாம். வெள்ளரிக்காய் மலிந்த காலத்தில் அதைச் சேர்க்கலாம். இதற்கு ஒரு சதம் காஸ் செலவில்லை. பருப்புக் கறியோடு இதை வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், வேறு கறி கேட்கமாட்டீர்கள்.

பாலையூற்று_அக்கா எழுதியது:

அது நல்லது. சமைக்காத ஒன்று என்றால் எனக்கும் சம்மதம். மிளகாய்ப் பொரியல் கொஞ்சம் பொரித்துப் போத்தலில் போட்டு வைத்தாலும் கிழமைக்கணக்கில் இருக்கும்.

சீனக்குடா_மதில் எழுதியது:

எல்லாரும் தேங்காய், தேங்காய்ப்பால் என்று சுகமாகச் சொல்கிறீர்கள். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டி விற்றதை மறந்துவிட்டீர்களா? கூலிக்குப் போகிறவன் வீட்டில் அன்றைக்கு எல்லாக் கறியும் பால் இல்லாமல்தான் நடந்தது. ஆகவே தேங்காயை எப்படிப் பிரித்துச் செலவழிக்கிறது என்றும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பாதியைத் துருவினால் அதில் ஒரு பிடியைச் சம்பலுக்கு எடுத்து வையுங்கள். மிச்சத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பிழிந்த முதற்பால் கறிக்கு. இரண்டாம் பாலைத் தூக்கி ஊற்றாமல் அதில்தான் மரக்கறியை அவிக்க வேண்டும், வெறும் தண்ணீரில் அவித்துவிட்டுக் கடைசியில் பால் தேடக் கூடாது. மற்றப் பாதியை உடைத்த அன்றே துருவி, வறுத்துக் காயவைத்துப் போத்தலில் அடையுங்கள், பிரிட்ஜ் இல்லாத அறையில் பாதித் தேங்காய் ஒரு நாளில் வழுக்கிவிடும். வறுத்த தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் உப்பும் புளியும் சேர்த்து இடித்தால் இடிச்சம்பல், அது சோற்றுக்கும் ரொட்டிக்கும் பிட்டுக்கும் ஆகும்.

அடுத்தது காஸ். 2022இல் 12.5 கிலோ சிலிண்டர் கிட்டத்தட்ட 5000 ரூபாய்க்குப் போன காலத்தில், அதுவும் கிடைக்காமல் வரிசையில் வெறும் சிலிண்டரை வைத்துவிட்டுக் காத்திருந்த காலத்தில், நாங்கள் ஒரு வேலை செய்தோம். பருப்பைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து, இறுக்கமான மூடி போட்டு, சட்டியைப் பழைய சேலை இரண்டில் சுற்றி, வைக்கோல் அடைத்த காட்போட் பெட்டிக்குள் வைத்துவிடுவோம். ஒரு மணித்தியாலம் கழித்துத் திறந்தால் பருப்பு தானாக மலர்ந்து இருக்கும், திரும்ப ஒரு கொதி விட்டுத் தாளித்தால் சரி. உள்ளே இருக்கிற சூடு வெளியே போகாமல் மறித்தால் அந்தச் சூடே வேக வைக்கும். பருப்புக்கும் சோற்றுக்கும் ஊறின பயறுக்கும் இது சரிவரும். சிவப்புப் போஞ்சி விதைக்கு மட்டும் இந்த முறை கூடாது, அதை ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்க வைத்து முழுதாக வேகவைக்க வேண்டும், அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தி எடுக்கும்.

கோணேசபுரி_அறை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. இரண்டு கேள்வி. காலைச் சாப்பாட்டுக்கு என்ன செய்யலாம்? எட்டு மணிக்கு விரிவுரை, அதற்கு முன் நின்று சமைக்க ஏலாது. அடுத்தது, சோயாமீட்டை இங்கே யாரும் சொல்லவில்லையே, அது கூடாதா?

கிண்ணியா_ராத்தா எழுதியது:

காலைக்குக் கஞ்சி இருக்கும்போது ஏன் யோசிக்கிறீர்கள் தம்பி. நோன்பு மாதம் முழுக்க எங்கள் ஊரில் பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் பெரிய கிடாரத்தில் காய்ச்சுகிற கஞ்சியை உங்கள் ரைஸ் குக்கரில் சின்னதாகக் காய்ச்சலாம். ஒரு கப் பச்சையரிசி, கால் கப் வறுத்த பாசிப்பயறு, ஏழு கப் தண்ணீர், உள்ளி ஒரு முழுப்பூண்டு உரித்து அப்படியே, ஒரு துண்டு இஞ்சி நசித்து, வெந்தயம் ஒரு தேக்கரண்டி, ரம்பை, கறுவாப்பட்டை சின்னத் துண்டு, உப்பு. இருந்தால் கோழியின் கழுத்து, ஈரல், எலும்புத் துண்டு. இவை இறைச்சிக் கடையில் மலிவு, ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது. வெந்து குழைந்ததும் ஒரு கப் தேங்காய்ப்பால், தேங்காய் இல்லாவிட்டால் ஒரு கரண்டி பால்மா கரைத்து விடலாம். வெள்ளிக்கிழமை என்றால் இறைச்சியை விட்டுவிட்டு இரண்டு பிடி கீரை அரிந்து போடுங்கள்.

ரைஸ் குக்கரைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் முழுக்க வற்றி அடிச் சூடு 100 பாகையைத் தாண்டும்போதுதான் அதன் சுவிட்ச் தானாக மேலே எழும்பும். கஞ்சியில் தண்ணீர் வற்றாது, ஆகவே அது தானாக நிற்காது, நீங்கள்தான் நிற்பாட்ட வேண்டும். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், ஒரு தேக்கரண்டி எண்ணெய் விடுங்கள், கொதி வந்ததும் மூடியைச் சாய்த்து வையுங்கள், பொங்கி வழியாது. எழும்பினவுடன் போட்டுவிட்டுக் குளித்து உடுப்பு மாற்றி வர 40 நிமிடத்தில் கஞ்சி தயார். மூன்று பேரும் இரண்டு கோப்பை குடித்துவிட்டுப் போகலாம்.

கோணேசபுரி_அறை எழுதியது:

ராத்தா, நன்றி. அக்கரைப்பற்றுக்காரன் இதை வாசித்துவிட்டு, தன் உம்மா கஞ்சியில் பெருஞ்சீரகமும் போடுவா என்று சொல்கிறான்.

கிண்ணியா_ராத்தா எழுதியது:

போடலாம், நல்ல மணம் வரும். வீட்டுக்கு வீடு கைப்பக்குவம்.

வார்ட்டில்_வேலை எழுதியது:

நான் தாதியாக வேலை செய்கிறேன், சோயாமீட் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். அது கூடாதது இல்லை, சோயா மாவில் செய்தது, புரதம் நிறைய உண்டு, விலையும் இறைச்சியை விடக் குறைவு. பக்கெட்டோடு வருகிற தூளில்தான் உப்பு அதிகம், அந்தத் தூளை விட்டுவிட்டு வீட்டுத் தூளில் சமையுங்கள். கொதிதண்ணீரில் ஊறவைத்து, இரண்டு முறை பிழிந்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கொஞ்ச எண்ணெயில் ஓரம் சிவக்க வதக்கி, பிறகு உருளைக்கிழங்கோடு கறி வைத்தால் சப்பென்று இருக்காது. ஆனால் தினமும் அதையே பிடித்துக்கொண்டிருக்காமல் முட்டை, கடலை, கௌப்பி, பயறு என்று மாற்றி மாற்றி எடுங்கள்.

பருப்பும் கீரையும் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொன்று. இலையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. தேசிக்காய்ப் புளி, தக்காளி, பச்சைமிளகாய், கொய்யா, நெல்லி மாதிரி ஒன்று கூடப் போனால் நன்றாக எடுத்துக்கொள்ளும். உவர்மலை வீட்டுக்காரர் சொன்ன வெங்காயத் தக்காளிக் கலவை அந்த வகையில் மிகவும் நல்லது. தேசிக்காயைக் கறி கொதிக்கும்போது பிழியாமல் இறக்கின பிறகு பிழியுங்கள். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கிற பழக்கத்தை விடுங்கள், தேயிலைச் சாயம் இரும்புச்சத்தைத் தடுத்துவிடும், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். விடுதியில் இருந்து களைப்பு, தலைச்சுற்று என்று வருகிற பெண்பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் கேட்பதில்லை, நிறையப் பேர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பிளேன்டீயோடு ஓடுகிறவர்கள். வாசிக்கிற தங்கச்சிமார் இதைக் கவனியுங்கள்.

சூடை, நெத்தலியை முள்ளோடு மென்று சாப்பிடக்கூடியதாக நன்றாக வேகவைத்தால் கல்சியமும் கிடைக்கும்.

தம்பலகாமம்_வயல் எழுதியது:

கறியைப் பற்றி இவ்வளவு பேசினீர்கள், சோற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடையில் பொலித்தீன் பையில் ஐந்து கிலோ வெள்ளை அரிசி வாங்குகிறதை விட, மூன்று பேர் காசு சேர்த்து தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் ஓர் ஆலையில் 25 கிலோ மூட்டை எடுத்தால் மாதம் முழுக்கக் கவலை இல்லை, அறுவடை முடிந்த கையோடு போனால் விலையும் இறங்கி இருக்கும். தவிடு முழுக்கப் போகாத சிவப்பரிசி எடுங்கள். அது வேகக் கொஞ்சம் கூட நேரமும் தண்ணீரும் பிடிக்கும், அரை மணித்தியாலம் ஊறவைத்தால் சரி. ஒரு தட்டுச் சிவப்பரிசிச் சோறு பசியை எவ்வளவு நேரம் தாங்கும் என்று வயலில் நிற்கிறவனைக் கேட்டுப் பாருங்கள்.

இரவுச் சோறு மிஞ்சினால் எறியாதீர்கள். சூடு ஆறினவுடன் மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். விடிய அந்தத் தண்ணீரோடு பிசைந்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, ஒரு அகப்பை எருமைத் தயிர். எங்கள் ஊர்த் தயிர்ச் சட்டியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, வீதியோரம் அடுக்கி வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். பழஞ்சோறும் தயிரும் சாப்பிட்டால் வெயிலில் மத்தியானம்வரை நிற்கலாம்.

வார்ட்டில்_வேலை எழுதியது:

அண்ணா சொன்னதில் ஒரு சொல்லை அடிக்கோடிடுகிறேன், சூடு ஆறினவுடன். சோற்றை ராத்திரி முழுக்கக் குக்கருக்குள் இளஞ்சூட்டில் விட்டுவிட்டுக் காலையில் தண்ணீர் ஊற்றுவது பழஞ்சோறு இல்லை, அப்படிக் கிடந்த சோற்றில் கிருமி வளரும், திரும்பச் சூடாக்கினாலும் அது விட்ட நஞ்சு போகாது. புளித்த மணம் வரலாம், வழுவழுப்பும் கெட்ட மணமும் வந்தால் கொட்டிவிடுங்கள்.

அலஸ்தோட்டம்_பிட்டு எழுதியது:

இரவுக்குப் பிட்டைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். கோதுமை மா நம்முடைய ஊரிலேயே அரைபடுகிறது, சீனக்குடாவில் பிரீமா ஆலை 1980இலிருந்து நிற்கிறது. மாவை அப்படியே குழைத்தால் பிட்டு களியாகிவிடும். ஒரு வெள்ளைத் துணியில் மாவைத் தளர்வாகக் கட்டி, குக்கரோடு வருகிற நீராவித் தட்டில் வைத்து அரை மணித்தியாலம் அவியுங்கள். வெளியே எடுக்கும்போது கட்டியாக இருக்கும், சூட்டோடு உடைத்து அரித்து வைத்தால் கிழமைக்குக் காணும். வேண்டிய நேரத்தில் உப்புப் போட்ட கொதிதண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அகப்பைக் காம்பால் கிளறி, தேனீர்க் கோப்பையின் விளிம்பால் கொத்தினால் மணி மணியாக வரும். தேங்காய்ப்பூ ஒரு பிடி தூவித் திரும்ப அதே தட்டில் பத்து நிமிடம் அவித்தால் போதும். குழலும் வேண்டாம், நீத்துப்பெட்டியும் வேண்டாம். முதல் நாள் மீன்குழம்பு கிடந்தால் அதற்கு இதைவிடப் பொருத்தம் இல்லை.

சீனக்குடா_மதில் எழுதியது:

பிட்டு சரி, ஆனால் வெள்ளை மாப் பிட்டு பசி தாங்காது என்பது என் அபிப்பிராயம். பாதிக்குப் பாதி குரக்கன் மா கலக்கச் சொல்லுங்கள். குரக்கனை அவிக்கத் தேவையில்லை, தாச்சியில் மணம் வரும்வரை வறுத்தால் போதும்.

அலஸ்தோட்டம்_பிட்டு எழுதியது:

கலக்கலாம். முழுக்கக் குரக்கன் என்றால் பழக்கமில்லாதவர்களுக்குத் தொண்டையில் இறங்காது, நீங்கள் சொன்ன பாதிக்குப் பாதி நல்ல அளவு.

ஹட்டன்_லயம் எழுதியது:

நான் அதே வளாகத்தில் படித்து முடித்தவன், இப்போது மலைநாட்டில் படிப்பிக்கிறேன். சமையல் முறையைவிட முக்கியம் மூன்று பேரும் பிரியாமல் இருப்பது. எத்தனையோ அறைகளில் முதல் மாதம் சேர்ந்து சமைத்து, இரண்டாம் மாதம் யார் சட்டி கழுவுவது என்று சண்டை பிடித்து, மூன்றாம் மாதம் ஆளுக்கு ஆள் பார்சல் வாங்கினதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். சமைக்கிறவன் அன்றைக்குக் கழுவக் கூடாது, இதை முதலே பேசி வையுங்கள். அரிசி, பருப்பு, தூள், எண்ணெய், உள்ளி, வெங்காயம், புளி, உப்பு, இவற்றை மாதத் தொடக்கத்தில் காசு கையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். அதன் பிறகு அன்றாடம் வாங்க வேண்டியது மீனும் இலையும் மட்டும்தான், கையில் காசு குறைந்த நாளிலும் அறையில் சோறும் பருப்பும் நிச்சயம்.

மரவள்ளிக் கிழங்கையும் நினைவில் வையுங்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கிற நாளில் வாங்கி, தோலையும் நடு நரம்பையும் எடுத்துவிட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் இருக்கிற நஞ்சு ஆவியோடும் தண்ணீரோடும் போவதற்குத்தான் மூடாமல் அவிக்கச் சொல்கிறார்கள். கட்டைச் சம்பலோடு ஒரு தட்டுச் சாப்பிட்டால் இரவுச் சாப்பாடு முடிந்தது.

கோணேசபுரி_அறை எழுதியது:

சொன்னபடி தொடங்கிவிட்டோம். ஹட்டன் அண்ணா சொன்னதை முதலில் செய்தோம், சமைக்கிறவன் கழுவுவதில்லை என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. பருப்பும் முருங்கையிலையும் நன்றாக வந்தது, பாதியை மசித்துப் பாதியை விட்டதில்தான் விஷயம் இருக்கிறது என்று சாப்பிட்டபோது புரிந்தது. சூடைக் குழம்பை மன்னார்க் கைப்பழக்கத்தில் நான் வைத்தேன், வெந்தயம் மட்டும் வலை அண்ணா சொன்ன அளவு. வவுனியாக்காரன் வியாழன் இரவே சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டான், மறுநாள் வெள்ளி விரதம் என்பதால். பின்னேர விரிவுரையில் இப்போது ஒருவருக்கும் கண் சொருகுவதில்லை, பசியும் எடுப்பதில்லை.

கடைசியாக ஒரு கேள்வி வலை அண்ணாவிடம். மாரி தொடங்கிக் கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும்போது சின்ன மீனும் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கூடும் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அப்போது என்ன செய்வது?

திருக்கடலூர்_வலை எழுதியது:

வீட்டுக்காரர் சொன்னது சரி தம்பி, வாடைக்காற்று தொடங்கினால் வள்ளம் கரையில்தான் கிடக்கும். அதற்கு இப்போதே ஆயத்தம் செய்ய வேண்டும். மீன் மலிந்த புரட்டாசிக்கு முன்னம் நெத்தலிக் கருவாடும் கீரிக் கருவாடும் ஒரு கிலோ அளவில் வாங்கி, ஒரு நாள் நல்ல வெயிலில் திரும்பக் காயவைத்து, காற்றுப் போகாத டப்பாவில் அடைத்து வையுங்கள். வாங்கும்போது கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள், ஈரமாக நெளிந்தால் வேண்டாம், ஈ மொய்க்கிற இடத்திலும் வேண்டாம்.

சமைக்கும்போது சுடுதண்ணீரில் 20 நிமிடம் ஊறவிட்டு இரண்டு முறை கழுவினால் உப்பு இறங்கும். கத்தரிக்காயை நீட்டாக வெட்டி எண்ணெயில் வதக்கி, மீன்குழம்புக்குச் சொன்ன அதே புளிக் கரைசல், அதே தூள், அதே உள்ளி. கத்தரிக்காய் பாதி வெந்ததும் கருவாட்டைப் போடுங்கள். உப்புப் போடாமல் கடைசியில் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, தேவை என்றால் மட்டும் போடுங்கள். மழை நாளில் கத்தரிக்காயும் விலை ஏறினால் வாழைக்காய், பிலாக்கொட்டை எதுவும் சரி. கருவாட்டுக் குழம்புக்கு மணம் கூட, அறையின் சன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்து அறைக்காரர் தட்டோடு வந்தால் ஒரு பிடி சோறு கூடப் போட்டு வைத்திருப்பது நல்லது.